வாயிற்படியில் நிற்பதோ தமிழ்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், படிப்பகத்து விசுப்பலகையிலோ தேநீர்க் கடை வாயிலிலோ அமர்ந்து இதழைப் பிரிக்கின்ற உங்களை, இன்று சற்றுத் தொலைவான நாடொன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கேயே தங்கிவிட அன்று. திரும்பி வந்து, கோரையாறு கடலைத் தொடும் நம் முத்துப்பேட்டையிலே நின்று, நம் நிலை என்ன என்பதனை அளந்து பார்ப்பதற்காக!

பிரிட்டிஷ் தீவின் வடபகுதி ஸ்காட்லாந்து. அங்கே ஸ்காட்ஸ் என்றொரு மொழி வழங்குகிறது. ஆங்கிலத்தோடு உடன்பிறந்த மொழி. ராபர்ட் பர்ன்ஸ் எனும் பெருங்கவிஞன் பாடிய மொழி. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு அம்மொழி பேச வரும் என்றனர். எனினும் தலைமுறை தலைமுறையாக அதற்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "கெட்டுப்போன ஆங்கிலம்!" வீட்டில் தாய் பேசிய பேச்சைப் பள்ளியில் பேசிய பிள்ளை தண்டனை பெற்றது. கற்றவன் அதனை மறைத்தான். மறைக்கத் தெரியாதவன் பட்டிக்காட்டான் எனப்பட்டான்.

காலம் மாறிற்று. 2025ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. கேலிக் மொழிக்கும் ஸ்காட்ஸ் மொழிக்கும் அதிகாரபூர்வமான தகுதி தந்தது. அந்தத் தகுதி அவ்வாண்டு நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. "இதுவும் ஒரு மொழியா?" என்று ஏளனம் பேசிய நாட்டிலேயே, "இதுவும் எம் மொழி" என்று அரசு எழுதி ஒப்பமிட்டது.

மகிழ்கிறோம். மக்கள் மொழி எங்கே தலைநிமிர்ந்தாலும் மகிழ்ச்சி கொள்பவர்கள் நாம். ஆனால் தோழர்களே, இத்தகைய சட்டம் வந்த மறுநாளே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். சட்டம் வந்தது, சரி. பள்ளியிலே ஆசிரியர் வந்தாரா? அலுவலகத்திலே தாள் வந்ததா? வழக்கு மன்றத்திலே வாய்ப்பு வந்ததா? ஸ்காட்லாந்து மக்கள் இனிமேல் விடை காண வேண்டிய அந்தக் கேள்வியை, நாம் ஏறத்தாழ 70 ஆண்டுகளாகக் கேட்டுக் கொண்டிருக்கிறோம். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டது 1956ஆம் ஆண்டில் அன்றோ!

ஒரு மொழியை அரசு ஆதரிக்கிறது என்றால் என்ன பொருள்? மொழிக்கு விழா எடுப்பதா? புலவர்க்குப் பொற்கிழி தருவதா? வேண்டும், அவையும் வேண்டும். ஆனால் அவற்றாலே மட்டும் மொழி வாழ்வதில்லை. முத்துப்பேட்டை உழவன் நிலத்துக்குப் பட்டா கேட்கும் இடத்தில், அவன் மகள் படிக்கும் இடத்தில், அவன் வழக்குக்குத் தீர்ப்பு வழங்கப்படும் இடத்தில் — இந்த 3 இடங்களிலும் அவன் மொழிக்கு இருக்கை உண்டா என்பதே கேள்வி. இருக்கை உண்டெனில் அது ஆதரவு. இல்லையெனில் அது வெறும் பாராட்டு. பாராட்டு வேறு, பங்கு வேறு. நாம் கேட்பது பங்கு.

கோயிற் சுவர் கூறும் கதை

'தமிழில் ஆட்சி நடத்த இயலுமா?' என்று கேட்கும் மேதாவிகள் இன்றும் உளர். அவர்களை நாம் தஞ்சைக்கு அழைக்கிறோம்.

1010ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலின் சுவர்களைப் பாருங்கள். மன்னன் தந்தது எது, மற்றவர் தந்தது எது, எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், எந்த ஊழியருக்கு எவ்வளவு பங்கு, கோயிற்பணிக்குக் கொணரப்பட்ட ஏறத்தாழ 400 பெண்டிர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தனர் — அத்தனையும் அங்கே தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை 'திருவாய்க்கேள்வி'. அதனை ஓலையில் எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. வரிக்கணக்கைக் காத்த துறை 'புரவுவரித் திணைக்களம்'. நிலத்தை வேலி, மா, காணி எனப் பகுத்து, 320இல் ஒரு பங்காகிய முந்திரிக்கும் கீழே இறங்கிக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கும் தமிழிலே! வேலியும் மாவும் இன்றும் நம் டெல்டா உழவன் நாவிலே வாழ்கின்றன. 20 மா ஒரு வேலி என்பதை அவனுக்கு எவரும் ஏட்டைக் காட்டிக் கற்பிக்க வேண்டியதில்லை.

பிறகு என்ன நேர்ந்தது? 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி வந்தது. அரசவையிலே தெலுங்கு கோலோச்சியது. 1676 முதல் மராட்டியர் ஆட்சி. அரண்மனைக் கணக்கும் கடிதமும் மோடி எழுத்தில் மராத்தியிலே எழுதப்பட்டன. எந்தப் பெரிய கோயிலின் சுவரில் சோழன் தன் ஆணையைத் தமிழில் வெட்டினானோ, அதே கோயிலிலே 1803ஆம் ஆண்டில் போன்சலே குலத்து வரலாறு மராத்தியில் வெட்டப்பட்டது. 1799இல் கும்பினியார் தஞ்சை நாட்டின் நிருவாகத்தைக் கைப்பற்றினர். ஆங்கிலம் அரியணை ஏறியது.

ஆற்றிலே ஓடிய நீர் அதே காவிரி நீர். வயலிலே விளைந்தது அதே நெல். வரப்பிலே நின்றவன் அதே தமிழன். அவனை ஆண்ட ஏட்டின் மொழி மட்டும் மாறிக்கொண்டே வந்தது! தாசில்தார், ஜமாபந்தி, பசலி, வசூல், ஜப்தி, அமீனா, வக்கீல், முன்சீப் — நம் உழவன் நாள்தோறும் பலுக்கும் இச்சொற்கள் பாரசீகமும் அரபும் அலுவலக வழியே நமக்குத் தந்தவை. இவற்றை விரட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை; இவை மக்கள் வாயில் பழகி நம் சொற்களாகிவிட்டன. நாம் சொல்வது வேறு. எவன் கையில் அலுவலகம் இருக்கிறதோ அவன் சொல்லே மக்கள் வாயிலும் வந்து அமர்கிறது என்பதற்கு இவை சான்று. ஆகவேதான் மொழிச் சிக்கல் என்பது புலவர் வீட்டுச் சிக்கல் அன்று, அதிகாரச் சிக்கல் என்கிறோம்.

இனாமாக வந்ததன்று

இழந்த இடத்தைத் தமிழ் மீட்டது எவ்வாறு? எவரும் இரக்கப்பட்டுத் தந்ததன்று.

1937இல் சென்னை மாகாணத்தில் அமைந்த அமைச்சரவை பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்த முற்பட்டது. 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் திருச்சியிலிருந்து தமிழர் படை கால்நடையாகப் புறப்பட்டது. செப்டம்பர் 11இல் சென்னை அடைந்தது. அப்படையை நடத்திச் சென்றவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊராகிய பட்டுக்கோட்டையின் அஞ்சாநெஞ்சன் அழகிரிசாமி. உடன் நடந்தவர் மாயூரத்தை அடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1939இல் சிறையில் வாடி உயிர்நீத்த இருவர் நடராசனும் தாளமுத்துவும். தாளமுத்து குடந்தை மண்ணின் மைந்தன். 1965ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மாயூரத்தில் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்ட மாணவன் சாரங்கபாணி. காவிரிப் படுகை தமிழுக்குத் தந்தது நெல்லை மட்டுமன்று, தோழர்களே!

மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956ஆம் ஆண்டு டிசம்பரில், காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அதனைக் கொணர்ந்தவர் அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1968 ஜனவரி 23இல், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் போதும் என்னும் இருமொழித் தீர்மானத்தைச் சட்டமன்றம் ஏற்றது. கட்சிகள் வேறு, கொடிகள் வேறு. ஆயினும் ஒன்றை மற்றொன்று அழிக்காமல் இந்த அடித்தளம் எழுந்தது. நம் மாநிலத்துக்கு இது பெருமை.

"தமிழில் அறிவியல் எழுத முடியுமா?" என்று அன்று ஏளனம் செய்தனர். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டு விடையளித்தது. பெரியசாமித் தூரன் அதன் முதன்மை ஆசிரியர். கல்லூரியிலே தமிழில் கற்பிக்க முடியுமா என்றனர். 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழிலே தொடங்கப்பட்டது. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களையே தமிழாக்கி வெளியிட்டது. அரசு கைகொடுத்தால் மொழி எதையும் செய்யும் என்பதற்கு இவை போதும்.

மனுவும் மறுமொழியும்

இனி, நாம் கூறிய 3 இடங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம். முதலில் அலுவலகம்.

சட்டம் பிறந்தது 1956இல். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டரசு ஒரு சுற்றறிக்கை விடுக்க நேர்ந்தது: அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் தமிழிலேயே வெளிவர வேண்டும், மக்கள் எழுதும் கடிதங்களுக்குத் தமிழிலேயே மறுமொழி தரவேண்டும், ஊழியர்கள் தமிழிலேயே கையொப்பமிட வேண்டும் என்று! 69 ஆண்டுகள் கழித்து நினைவூட்ட வேண்டியிருந்தது என்றால், இடையிலே எத்தனை கோப்புகள் ஆங்கிலத்தில் ஓடியிருக்கும்? சட்டம் உறங்கவில்லை, சட்டத்தைக் கையில் வைத்திருந்தோர் உறங்கினர். அவர்களை எழுப்ப வேண்டிய நாமும் போதிய அளவுக்குக் குரல் எழுப்பவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். அலுவலகத்தில் தமிழ் வந்தால் மட்டும் போதாது. புரியும் தமிழ் வர வேண்டும். ஒரு முழுப் பக்கத்தை ஒரே வாக்கியமாக நீட்டி, "மேற்காண் பொருள் தொடர்பாகப் பார்வையில் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று எழுதினால், அது எழுத்தால் தமிழ்; பயனால் அயல்மொழி! நிலமற்ற உழவுத் தொழிலாளியின் மனுவுக்கு வரும் விடை அவன் மகனோ மகளோ படித்துச் சொல்லும்படி இருக்க வேண்டும். உரிமை கிடைத்ததா, கிடைக்காவிடில் ஏன், அடுத்து எவரை அணுகுவது — இம்மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசின் அலுவலகங்களோ வேறு கதை. வங்கிப் படிவங்கள் வட்டார மொழியிலும் அச்சிடப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியே தந்திருக்கும் அறிவுரை. எங்கே அந்தத் தமிழ்ப் படிவம் என்று கேட்பவர் எத்தனை பேர்? குறைதீர்க்க வேண்டி எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அது. நுழையாதவன் கதவைக் குறை கூறலாமா?

பள்ளியும் பிழைப்பும்

அடுத்தது பள்ளி. தமிழ்நாட்டிலே பிறந்து வளர்ந்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமலேயே பள்ளிப்படிப்பை முடிக்க முடியும் என்ற வெட்கக்கேடு நெடுநாள் இருந்தது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் அதனை மாற்றியது. முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. நன்று.

ஆனால் தமிழ் ஒரு பாடமாக இருப்பது வேறு. தமிழில் பாடம் நடப்பது வேறு. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பெருகின. பெற்றோரை நாம் பழிக்கவில்லை. வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கும் தாய், "என் பிள்ளையாவது நல்ல வேலைக்குப் போகட்டும்" என்று எண்ணியே ஆங்கில வழியை நாடுகிறாள். அவளிடம் போய், "தாயே, மொழியைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்வது முறையாகாது. தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் விட்டுவிட்டு அவளுக்கு உபதேசிப்பது அதனினும் கொடுமை. தமிழிலே படித்தாலும் பிழைக்க வழி உண்டு என்று காட்டுவது அரசின் கடமை.

அந்த வழியிலே சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. 2010ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ் வழியில் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 100க்கு 20 இடம் முன்னுரிமையாக ஒதுக்கியது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. 2021 டிசம்பர் ஆணை, மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, 100க்கு 40 மதிப்பெண்ணேனும் பெற வேண்டும் என்றது. ஒன்றிய ஆயுதக் காவற்படைக் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. அதற்கு முன்பு இந்தியோ ஆங்கிலமோ அறிந்தவனுக்கே அந்த வாயில்! இவற்றின் பொருள் என்ன? மொழி வயிற்றோடு இணைகிறது. வயிற்றோடு இணைந்த மொழியை எவனும் கைவிடான்.

டில்லியின் கணக்கையும் பாருங்கள். 2014–15 முதல் 2024–25 வரை சமற்கிருதத்துக்கு ஒன்றிய அரசு செலவிட்டது ஏறத்தாழ 2,532 கோடி ரூபாய்; தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய 5 செம்மொழிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 147 கோடி ரூபாய் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2025இல் நாளேடுகள் வெளிக்கொணர்ந்தன. சமற்கிருதத்தின் பழமையை நாம் மறுக்கவில்லை. கோடிக்கணக்கானோர் வீட்டிலும் வீதியிலும் வயலிலும் பேசும் மொழிகளுக்கு ஒரு கிண்ணமும், அன்றாடம் பேசுவோர் அருகிய மொழிக்கு ஓர் அண்டாவும் வைப்பது என்ன நீதி என்றே கேட்கிறோம். இது போதாதென்று, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் ஒப்பமிடாத காரணத்துக்காக, 2024–25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குரிய 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்கை வேறுபாட்டுக்குக் குழந்தையின் பலகையைப் பிடுங்குவதோ?

நீதியின் வாயிற்படி

மூன்றாவது இடம் வழக்கு மன்றம். இங்கேதான், தோழர்களே, தமிழ் இன்றும் வாயிற்படியில் நிற்கிறது.

முத்துப்பேட்டை உழவனுக்கும் அண்டை நிலத்தானுக்கும் வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு திருத்துறைப்பூண்டியில் தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி தமிழில் பேசுகிறான். குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது. தன் வழக்கறிஞர் எங்கே தடுமாறுகிறார், எதிரி எங்கே பொய் சொல்கிறான் என்பது அவனுக்கே தெரிகிறது. வழக்கு மேல்முறையீடாகிச் சென்னை உயர் நீதிமன்றம் செல்கிறது. நிலம் அதே நிலம், வரப்பு அதே வரப்பு. மொழி மட்டும் மாறிவிடுகிறது! அவன் தமிழில் தந்த சாட்சியத்தைப் பணம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். மன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்து, தன் தலையெழுத்தைப் பற்றி இரு அறிஞர்கள் பேசுவதை, ஊமைப்படம் பார்ப்பவன்போலப் பார்க்க வேண்டும். வென்றானா, தோற்றானா என்பதனை வெளியே வந்து வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு அரசமைப்புச் சட்டத்தில் வழியில்லையா? உண்டு. 348ஆம் பிரிவு, உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்று கூறிவிட்டு, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் மாநில ஆட்சிமொழியையும் அங்கே அனுமதிக்கலாம் என்கிறது. அவ்வழியே 1950இல் ராஜஸ்தானும், 1969இல் உத்தரப் பிரதேசமும், 1971இல் மத்தியப் பிரதேசமும், 1972இல் பீகாரும் தத்தம் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி அதே உரிமையைக் கேட்டது. 2012இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அதனை ஏற்க மறுத்தது. குஜராத்தி, வங்காளி, கன்னடம் ஆகியவற்றுக்கும் அதே விடை. மீண்டும் கேட்டோம், மீண்டும் மறுப்பு. இந்திக்குத் திறந்த கதவு ஏனைய மொழிகளுக்கு அடைபடுவானேன்? அதே பிரிவு, அதே சொற்கள், அதே நாடு. நீதி மட்டும் இரண்டோ?

"நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படுகிறார்களே, தமிழறியாத நீதிபதி என்ன செய்வார்?" என்பர். நேர்மையான கேள்விதான். இந்தியில் நடக்கும் மன்றங்களுக்கு இந்தி அறியாத நீதிபதி சென்றால் என்ன செய்கிறாரோ, அதனையே செய்யட்டும் என்பது ஒரு விடை. மொழிபெயர்க்கும் பொறுப்பும் செலவும் நீதிபதியின் பக்கம் இருக்கட்டும், வழக்காடும் ஏழையின் தலையில் ஏன் என்பது மற்றொரு விடை. ஆங்கிலத்தை வெளியேற்றுக என்று எவரும் கேட்கவில்லை. அதன் அருகே ஒரு நாற்காலி போடுக என்றே கேட்கிறோம்.

இங்கிலாந்தின் வரலாறே இதற்குச் சான்று பகரும். ஆங்கிலம் தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் நுழையப் பட்ட பாட்டைக் கேளுங்கள். நார்மானியர் வென்ற பிறகு அங்கே வழக்காடு மொழி பிரெஞ்சு. மக்களுக்கோ பிரெஞ்சு தெரியாது. 1362இல் ஒரு சட்டம் வந்தது: தமக்காகவும் தமக்கெதிராகவும் பேசப்படுவது இன்னதென்று மக்கள் அறியவில்லை, ஆகையால் வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று. வேடிக்கை என்னவெனில், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! பதிவேடுகளோ அதன் பிறகும் இலத்தீனில் நீடித்தன. 1731இல் நாடாளுமன்றம் மற்றொரு சட்டம் செய்து, 1733 முதல் அனைத்தும் ஆங்கிலத்திலேயே என்று முடிவு கட்டியது. முதற்சட்டத்துக்கும் முழு வெற்றிக்கும் இடையே 370 ஆண்டுகள்! அன்று பிரெஞ்சையும் இலத்தீனையும் காத்து நின்றவர்கள் சொன்ன காரணங்களையே இன்று ஆங்கிலத்தைக் காத்து நிற்போர் சொல்கிறார்கள்: பழகிய முறை, நுட்பமான சொற்கள், குழப்பம் வரும், காலம் கனியவில்லை! அன்று ஆங்கிலேயக் குடியானவன் கேட்ட நீதியைத்தான் இன்று தமிழ்க் குடியானவன் கேட்கிறான்.

பெரிது சிறிதை விழுங்கலாகாது

நமக்கு உரிமை கேட்கும்போது நாமும் நீதியோடு இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிலே தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதும் சௌராட்டிரமும் தாய்மொழியாகக் கொண்டோர் நம் உடன்வாழ் மக்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. அவர்களும் தமிழ் கற்கட்டும். தம் மொழியை இழக்காமல் கற்கட்டும். இந்தி நமக்குச் செய்வதை நாம் எவருக்கும் செய்யலாகாது.

மொழியையும் மதத்தையும் முடிச்சுப் போட்டுக் குழப்புவோர்க்கு முத்துப்பேட்டையே விடை. இவ்வூர் முஸ்லிம் பெருமக்களின் தாய்மொழி தமிழ். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்திலே தமிழை எழுதி அரபுத்தமிழ் நூல்கள் படைத்தவர்கள். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் வழியினர். எழுத்து எதுவாயினும் சொல் தமிழாகவே இருந்தது.

நம் அலையாத்திக் காட்டுக்கு அப்பால் பாக் நீரிணை. அதற்கு அப்பால் இலங்கை. இங்கே தமிழை ஆட்சிமொழியாக்கிய அதே 1956ஆம் ஆண்டில், அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தனர். ஒரு மொழியின் பெருமைக்காக மற்றொரு மொழியை மிதித்ததன் விளைவை அத்தீவு குருதியால் எழுதியது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் வழியே தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் ஏட்டில் ஏறியது நாட்டில் நடக்கவில்லை என்று அங்குள்ள தமிழர் இன்றும் முறையிடுகின்றனர். கிழக்கே சிங்கப்பூரையும் பாருங்கள். தமிழர் அங்கே சிறுபான்மையினர். எனினும் 4 ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. பணத்தாளிலும் தமிழ் உண்டு. நம் ஊரிலிருந்து கடல் கடந்து உழைக்கச் சென்றோர் அதனைக் கண்ணாரக் கண்டு வந்து சொல்கிறார்கள். பெருந்தன்மையால் எந்த நாடும் சிதைந்ததில்லை.

செய்ய வேண்டுவன

தோழர்களே, கட்டுரை படித்துக் கைதட்டி எழுவதற்காக இதனை எழுதவில்லை. வேலை இருக்கிறது.

கிளைதோறும் வாரத்தில் ஒரு நாள் மனு எழுதும் மேசை போடுங்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித் தொகை, குடும்ப அட்டை, பயிர்ச் சேத நிவாரணம் — எதுவாயினும் தெளிவான தமிழில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் மறுமொழி வந்தால், ஆட்சிமொழிச் சட்டத்தைச் சுட்டித் தமிழில் தருமாறு மறுபடியும் எழுதுங்கள். வங்கியிலும் அஞ்சலகத்திலும் தமிழ்ப் படிவம் கேளுங்கள், அங்குள்ள ஊழியரிடம் சினம் வேண்டாம், அவர் படிவம் அச்சிடுபவர் அல்லர், மேலிடத்துக்கு எழுதுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பட்டியலை ஊர்தோறும் எடுத்து, 20 விழுக்காட்டு முன்னுரிமை பற்றி அவர்தம் பெற்றோர்க்கு வீடு தேடிச் சென்று விளக்குங்கள். படிப்பகத்திலே போட்டித் தேர்வுக்கான தமிழ் நூல்களைச் சேருங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தையும் ஒரு மொழியாக நன்கு கற்க மாலை வகுப்பு நடத்துங்கள். நாம் ஆங்கிலத்தின் பகைவர் அல்லர், தமிழின் காவலர்.

நம் இயக்கத்து வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கீழ் நீதிமன்றங்களில் கிடைத்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்துங்கள். வழக்குரையைத் தமிழில் எழுதுங்கள். தீர்ப்பைத் தமிழில் கேளுங்கள். "தமிழில் சட்டம் பேச இயலாது" என்போர்க்கு, நன்கு எழுதப்பட்ட ஒரு தமிழ் வழக்குரை ஆயிரம் மேடைப் பேச்சைவிட நல்ல விடை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கையை ஊராட்சிதோறும் தீர்மானமாக்குங்கள். 2006இல் சட்டமன்றம் கேட்டது. இனி ஒவ்வொரு சிற்றூரும் கேட்கட்டும்.

ஸ்காட்லாந்து தன் மக்கள் மொழிக்குச் சட்டம் தந்திருக்கிறது. அதனைச் செயலாக்குவது அவர்கள் பாடு. நமக்குச் சட்டம் தந்து 70 ஆண்டுகள் ஆகப் போகின்றன. அதனைச் செயலாக்குவது நம் பாடு. சட்டம் என்பது கைக்கு வந்த மண்வெட்டி. அதனைச் சுவரில் சாற்றி வைத்தால் துருவேறும். வயலில் இறக்கினால் வாய்க்கால் வெட்டும். காவிரி நீர் கடைமடைக்கு வருவதற்குக்கூட, ஒவ்வொரு வாய்க்காலையும் எவரோ தூர்வாரியாக வேண்டும் என்பது முத்துப்பேட்டைக்குத் தெரியாததா? சென்னையில் எழுதிய உரிமை கடைமடைக்கு வந்து சேர, வழியெங்கும் தூர்வார வேண்டியவர்கள் நாம்.

மனு மேசையை இந்த வாரமே போடுங்கள், தோழர்களே!